பக்கத்துக் கடையும் தூரத்து ஆர்டரும்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்குச் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த தொழில் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன. கடையை எங்கே வைப்பது, பக்கத்தில் யார் இருந்தால் நல்லது, பக்கத்தில் இருப்பவரை எவ்வளவு நம்பலாம். வழக்கமான வரிக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை முழுப் பக்கத்தையும் அதற்கே கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: வீட்டிலிருந்தபடி சேலை ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். வேலை பெருகிவிட்டது. லிட்டில் இந்தியாவில் தேக்கா நிலைய மாடியில் கடை எடுக்கலாம் என்கிறார் கணவர். அங்கே ஏற்கெனவே வரிசையாகத் தையல் கடைகள் இருக்கின்றன. போட்டிக்கு நடுவே போய் உட்காருவதா, வீட்டுப் பக்கத்துப் புளோக்கின் கீழ் கடை பிடிப்பதா?
– வாசகி, பொங்கோல்

பால், ரொட்டி, வெங்காயம் விற்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொரு வெங்காயக் கடை இருந்தால் நட்டம்தான். யாரும் வெங்காயத்தை நாலு கடையில் பார்த்து வாங்குவதில்லை. சேலை, நகை, ரவிக்கை அப்படியல்ல. பார்த்து, விலை கேட்டு, தைத்துத் தொங்கவிட்ட மாதிரியைத் தொட்டுப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட சரக்குக்குப் பத்துக் கடை சேர்ந்திருக்கும் இடத்துக்கே ஆள் வருவார்கள். ஒற்றைக் கடையைத் தேடி பொங்கோலுக்கு வருகிறவர், உங்களை முன்பே அறிந்தவராக இருப்பார்.

ஒரே தொழில் ஓரிடத்தில் சேர்வதற்கு ஆல்பிரட் மார்ஷல் என்ற பொருளியல் அறிஞர் 1890லேயே மூன்று காரணங்கள் சொன்னார்: கைத்தொழில் தெரிந்த ஆள் அங்கே கிடைப்பார், தேவையான துணைப் பொருள் விற்பவர் அங்கே வருவார், தொழில் நுணுக்கம் கண்ணால் பார்த்தே பரவும். தேக்காவில் மூன்றும் உண்டு. லைனிங் துணியும் நூலும் ஊக்கும் லேஸும் நடக்கிற தூரத்தில் கிடைக்கும். இவற்றை வாங்க நீங்கள் இப்போது வாரத்துக்கு எத்தனை முறை எம்ஆர்டி ரயில் ஏறுகிறீர்கள், அதில் எத்தனை மணி நேரம் போகிறது என்று எழுதிப் பாருங்கள். அந்த மணி நேரமும் ஒரு வாடகைதான்.

ஆனால் முடிவெடுக்குமுன் இரண்டு கணக்குப் போடுங்கள்.

முதலாவது, கடைசியாக வந்த 30 வாடிக்கையாளர்கள் உங்களிடம் எப்படி வந்தார்கள் என்ற கணக்கு. தெரிந்தவர் சொல்லி வந்தவர்கள், உங்கள் புளோக்கில் இருப்பவர்கள், இணையத்தில் படம் பார்த்து வந்தவர்கள் எனப் பிரித்துப் பாருங்கள். 30இல் 20க்கு மேல் தெரிந்தவர் சொல்லி வந்திருந்தால், தேக்காவின் நடமாட்டம் உங்களுக்குப் பெரிதாக எதையும் கூட்டாது. அவர்கள் நீங்கள் இருக்கும் இடத்துக்கு வருவார்கள்.

இரண்டாவது, தையல் கணக்கு. ஒரு ரவிக்கைக்குக் கூலி 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வாடகை 2,400 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கே 80 ரவிக்கை போய்விடும். லைனிங் வைத்து, ஒழுங்காகக் கைவேலை செய்து, ஒருவர் நாளுக்கு நாலு முடித்தால் 26 நாளில் 104. மிச்சம் 24 ரவிக்கையின் கூலி, அதிலும் மின்சாரமும் நூலும் கழியும். ஆகவே ஒற்றைத் தையல்காரர் முழுக் கடை எடுப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. இன்னொரு தையல்காரர் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

இடையில் ஒரு வழி இருக்கிறது. தேக்காவில் அளவெடுக்க மட்டும் ஒரு மூலை, தைப்பது வீட்டில். வாரத்தில் இரண்டு நாள், அதில் ஒன்று ஞாயிறாக இருக்கட்டும். ஏதாவது துணிக்கடையில் ஒரு மேசை அளவு இடம் போதும். துணி வாங்கினவர் அங்கேயே அளவு கொடுத்துவிட்டுப் போவார், துணிக்கடைக்கும் அது நல்லது. அந்தக் கடைக்காரருக்கு உள்வாடகை விட அனுமதி உண்டா என்பதை அவர் வாய்வார்த்தையில் ஏற்காதீர்கள், இட உரிமையாளரின் எழுத்தைப் பாருங்கள். வீட்டில் தைப்பதற்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) விதி இடம் தருகிறது, ஆனால் அந்த வீட்டில் குடியிருக்காதவரை உதவிக்கு வைக்கக் கூடாது. ஆள் வைக்க வேண்டிய நாள் வந்தால் அன்றே கடைக்கு நகர வேண்டியதுதான்.

ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதம் பக்கத்துத் தையல்காரர்கள் உங்களிடம் எந்த வேலையும் தள்ளிவிட மாட்டார்கள். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு எல்லாரிடமும் வேலை குவிந்து கிடக்கும், அப்போது முதலில் நீங்கள் ஐந்தாறு ரவிக்கையை அவர்களிடம் கொடுங்கள். கூலியில் பத்தில் ஏழு பங்கு தைப்பவருக்கு, துணி கெட்டால் பொறுப்பு யாருக்கு என்பதை ஆடி மாதமே பேசி முடித்துவிடுங்கள், ஐப்பசியில் பேச நேரம் இருக்காது. இதில் பெரும்பாலும் கெடுவது அளவுச் சீட்டுதான். ஒருவர் 36 என்று உடல் அளவை எழுதுவார், இன்னொருவர் தளர்ச்சி சேர்த்துத் தைத்த அளவை எழுதுவார். இரண்டுக்கும் இரண்டு அங்குலம் வித்தியாசம் வரலாம், ரவிக்கை வீணாகும், நட்பும் வீணாகும். சீட்டோடு அளவு ரவிக்கை ஒன்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள்.

கேள்வி: மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் கிட்டங்கி வைத்திருந்தார்கள் என்று பாட்டி சொல்வார். ஒரே கூடத்தில் பல வட்டிக் கடைகள் எப்படிப் பக்கத்துப் பக்கத்தில் பிழைத்தன? ஒருவர் வாடிக்கையாளரை மற்றவர் பிடித்துக்கொள்ள மாட்டாரா?
– கல்லூரி மாணவர், ஜூரோங் வெஸ்ட்

பிடித்துக்கொள்ளலாம். ஆனால் பிடித்தவர் மறுநாள் காலையும் அதே கூடத்தில், அதே முகங்களுக்கு நடுவில் உட்கார வேண்டும்.

கிட்டங்கி என்றால் சரக்கு வைக்கும் இடம் என்று பொருள். இங்கே அது நீளமான கடைவீட்டின் கூடம். சுவரோரமாக ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தரையில் ஓர் இடம், ஒரு பெட்டி, சாய்மேசை, கணக்கேடு. பகலில் அங்கே கொடுக்கல் வாங்கல், இரவில் அங்கேயே படுக்கை, சமையலும் பொதுவில். நிறுவனத்தை நடத்துபவர் மேலாள், அவருக்குத் துணை அடுத்தாள், கூட்டிப் பெருக்கி எடுபிடி செய்து தொழில் கற்பவன் பெட்டியடிப் பையன். மேலாள் பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தவணையில், குடும்பத்தைச் செட்டிநாட்டில் விட்டுவிட்டு வருவார்.

வேலையும் தூக்கமும் சாப்பாடும் ஒரே கூடத்தில் என்னும்போது மறைக்க ஒன்றும் இருக்காது. கடன் கேட்டு ஒருவர் வாசலில் நுழைந்தால் பத்துப் பேர் பார்ப்பார்கள். ஒருவரிடம் தவணை தவறியவர் அடுத்த பெட்டிக்குப் போனால், அங்கே அவர் கதை முன்பே தெரிந்திருக்கும். இன்றைய வங்கி கடன் தகவல் நிறுவனத்துக்குப் பணம் கட்டிப் பெறும் விவரத்தை, அவர்கள் கண்ணாலும் காதாலும் பெற்றார்கள். கைவசம் பணம் குறைந்த மேலாள் பக்கத்துப் பெட்டியில் வாங்கி அன்றைய தேவையைச் சமாளிக்கவும் முடிந்தது.

ஆனால் கூடம் மட்டும் இதைச் செய்துவிடவில்லை, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதே மனிதர்கள் ஊரில் ஒன்பது நகரக் கோயில்களில், அதாவது தங்கள் குலப் பிரிவுகளுக்கான கோயில்களில், ஏதோ ஒன்றைச் சேர்ந்தவர்கள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பவர்கள். சிங்கப்பூரில் 1859ல் எழுந்த டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் அவர்களுக்கு வழிபடும் இடமாகவும் கூடிப் பேசும் இடமாகவும் இருந்தது. தொழிலில் ஒரு பங்கை மகமையாகக் கோயிலுக்கு ஒதுக்கினார்கள். நிறுவனங்களுக்குள் நடக்கும் கடனுக்கான நடப்பு வட்டியைக் கோயிலில் கூடி முடிவு செய்வது நகரத்தார் எனப்படும் இந்தச் செட்டியார்களின் வழக்கம். வழக்கு வந்தால் பஞ்சாயத்து. இங்கே வார்த்தை மாறினவர் பெயர், கப்பல் கடிதமாகக் காரைக்குடிப் பக்கம் போய்ச் சேரும், வீட்டில் கல்யாணப் பேச்சு நின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்ததால் செய்தி பரவியது. தவறினால் இழக்க ஒன்று இருந்ததால் அந்தச் செய்திக்கு வலு இருந்தது. இரண்டில் ஒன்று இல்லாமல் மற்றது வேலை செய்திருக்காது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கூடத்தில் இடம் பெற அந்தச் சமூகத்தில் பிறந்திருக்க வேண்டும். பெண்களுக்கு இடமே இல்லை. உள்ளே இருந்தவர்களுக்கு மலிவாகக் கிடைத்த நம்பிக்கை, வெளியே இருந்த தமிழ்த் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. அவர் வட்டி கட்டினார்.

ராஃபிள்ஸ் பிளேஸ் ஆர்கேட் கட்டடத்தில் நாணய மாற்றுக் கடைகள் ஒன்றையொன்று ஒட்டியிருப்பதைப் போய்ப் பாருங்கள். கேட்ட நாணயம் ஒரு கடையில் தீர்ந்துபோனால் பக்கத்துக் கடையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம். கிட்டங்கியின் உறவுமுறை அங்கே முன்போல் இல்லை, ஆனால் அருகாமையின் அந்தப் பயன் இன்னும் இருக்கிறது.

கேள்வி: ஒன்-நார்த் பகுதியில் பகிர்வு அலுவலகத்தில் இரண்டு மேசை எடுத்து மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். சுற்றிலும் நூறு நிறுவனங்கள் இருப்பதால் வேலை வரும் என்று நம்பி வந்தோம். ஓராண்டாகிறது, ஒரு ஆர்டர்கூட அங்கிருந்து வரவில்லை. இடம் தவறா, நாங்கள் தவறா?
– வாசகர், குவீன்ஸ்டவுன்

நாற்காலி தவறாக இருக்கலாம். சொல்வது வேடிக்கைக்கு அல்ல.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் குடியிருப்பில் லியோன் ஃபெஸ்டிங்கரும் வேறு இருவரும் செய்த ஆய்வு 1950ல் வெளியானது. ஒரே மாடியில் அடுத்த வீட்டுக்காரரை நண்பர் என்று குறிப்பிட்டவர்கள் 41 விழுக்காடு. இரண்டு வீடு தள்ளி இருந்தவர் என்றால் 22. மாடியின் மறுகோடியில் இருந்தவர் என்றால் 10. இத்தனைக்கும் கோடிக்குக் கோடி நூறு அடிகூட இல்லை. மாடிப்படிக்கும் தபால் பெட்டிக்கும் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு மற்ற மாடியிலும் நண்பர்கள் இருந்தார்கள், காரணம் எல்லாரும் அவர்கள் வாசலைக் கடந்து போனார்கள். பின்னர் 1970களில் தாமஸ் ஆலன் பொறியாளர்களை ஆராய்ந்தபோது, மேசைகளுக்கு இடையே 50 மீட்டர் ஆகிவிட்டால் தொழில் பேச்சு ஏறக்குறைய நின்றுபோவதைக் கண்டார். வேறு மாடி என்றால் வேறு கட்டடம் மாதிரிதான்.

எனவே ‘சுற்றிலும் நூறு நிறுவனங்கள்’ என்பது உங்கள் கணக்கில் பத்துப் பன்னிரண்டு நிறுவனங்கள்தான். அதிலும் திறந்த கூடம் பேச்சை வளர்க்கும் என்பதை நம்பிவிடாதீர்கள். இரண்டு பெரிய நிறுவனங்கள் தடுப்புகளை எடுத்துத் திறந்த கூடத்துக்கு மாறியபோது நேர்முகப் பேச்சு ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்ததாக 2018ல் வெளியான ஆய்வு காட்டியது. எல்லாரும் பார்க்கும் இடத்தில் மனிதர்கள் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு குனிந்துவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது இது. தினமும் இடம் மாறும் மேசையை விட்டுவிட்டு நிலையான மேசைக்கு மாறுங்கள். ஒரே முகத்தை ஒரே இடத்தில் பல முறை பார்த்த பிறகுதான் பேச்சு வரும். தண்ணீர், காப்பி எடுக்கும் இடத்துக்குப் போகிற வழியில் உட்காருங்கள், ஆனால் அதன் வாசலிலேயே வேண்டாம், அங்கே வேலை ஓடாது. மதியச் சாப்பாட்டுக்கு வாரம் மூன்று நாளாவது ஒரே நேரத்தில் கீழே இறங்குங்கள்.

பிறகு, பெயரட்டை நீட்டுவதை நிறுத்துங்கள். சிறிய உதவி ஒன்றைக் கேளுங்கள்: “இந்தப் பணம் செலுத்தும் இணைப்பு சோதனையில் ஓடுகிறது, நேரலையில் நிற்கிறது. உங்களுக்கு இப்படி வந்ததா?” பத்து நிமிடத்தில் முடிகிற உதவியாக இருக்கட்டும். உதவி செய்தவர் அடுத்த முறை உங்களிடம் கேட்கத் தயங்க மாட்டார். நீங்கள் கொடுக்கும் உதவிக்கும் அளவு வையுங்கள், ஒருவருக்கு 20 நிமிடம், செயலியைச் சோதித்துக் குறைகளை எழுதித் தருவது மாதிரி. அதற்குள் உங்கள் வேலைத் திறம் அவருக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம், பக்கத்து மேசைக்காரர் நேராக ஆர்டர் தருவார் என்று காத்திருக்காதீர்கள். அவரும் உங்களைப் போல ஆர்டர் தேடுகிறவர். மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் சுமார் 17 விழுக்காடு மட்டுமே. எப்போதாவது என்றவர்கள் 56, அரிதாக என்றவர்கள் 28. தினமும் பார்ப்பவருக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரியும், புதுச் செய்தி கொஞ்சம் தள்ளி இருப்பவரிடம்தான் இருக்கும். ஆகவே பக்கத்து மேசைக்காரரிடம் கேட்க வேண்டியது, “கிடங்குக் கணக்கு மென்பொருளில் தலைவலிப்படுகிற ஆள் யாராவது உங்களுக்குத் தெரியுமா?” என்பதுதான். அவர் அறிமுகம் செய்து வைத்தால் என்ன ஆயிற்று என்று இரண்டே வரியில் அவருக்குத் தெரிவியுங்கள். நடக்கவில்லை என்றாலும் தெரிவியுங்கள். இதைச் செய்யாதவருக்கு இரண்டாவது அறிமுகம் கிடைக்காது.

மூன்று மாதம் இப்படிச் செய்து, பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு எட்டுப் பேராவது ஆகவில்லை என்றால் மாடியை மாற்றுங்கள், கட்டடத்தை அல்ல.

கேள்வி: காக்கி புக்கிட்டில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் ஸ்கேனர், ஜாக்கி, உதிரி பாகம் எல்லாம் வாங்கிப் போவார்கள், நானும் வாங்குவேன். போன மாதம் ஒருவர் 3,000 வெள்ளி கைமாற்று கேட்டார். எதுவரை கொடுக்கலாம்?
– வாசகர், பிடோக்

கருவி, சாமான், பணம் மூன்றையும் ஒரே தட்டில் வைப்பதுதான் பட்டறை வரிசைகளில் மனக்கசப்பின் தொடக்கம். மூன்றுக்கும் வேறு வேறு விதி வேண்டும்.

கருவியை அன்று மாலை கடை சாத்துமுன் திரும்பி வர வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். நட்டை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சை மட்டும் கொடுக்காதீர்கள். கீழே விழுந்தாலோ, முறுக்கத்தைத் தளர்த்தாமல் அப்படியே வைத்தாலோ அளவு மாறிவிடும், வெளியில் பார்த்தால் தெரியாது. பிறகு நீங்கள் முடுக்கிய சக்கர நட்டு வழியில் தளர்ந்தால் பழி உங்களுக்கு. அந்த வேலைக்கு ஆளைக் கருவியோடு அனுப்பிவிடுங்கள், ஐந்து நிமிடம்தான். ஸ்கேனரின் மென்பொருள் சந்தா உங்கள் கணக்கில் இருந்தால் அதற்கும் இதே முறை.

உதிரி பாகத்துக்கு நகல் தாளுள்ள சிட்டை ஒன்று வையுங்கள். தேதி, பாக எண், எண்ணிக்கை, இருவர் கையெழுத்து. ‘பிரேக் பேட் 1 செட்’ என்று எழுதினால் போதாது, பாக எண் இல்லாவிட்டால் அசல் பாகம் போய் மலிவுப் பாகம் திரும்பி வரும். ஏழு நாளில் அதே எண்ணில் பாகம், இல்லையேல் அன்றைய விலையில் பணம். சனிக்கிழமை மாலை பக்கத்துக் கடைக்காரரோடு தேநீர் குடிக்கும்போதே கணக்கை ஒப்பிட்டுவிடுங்கள். இரண்டு வாரம் விட்டால் யாருக்கும் நினைவிருக்காது, அவரவருக்குச் சாதகமானதுதான் நினைவில் நிற்கும். ஒரு கிளிப், அரைக் குவளை எண்ணெய் இவற்றை எழுதாதீர்கள். அதையும் எழுதினால் அது பக்கத்துக் கடை உறவு இல்லை, வெறும் வாடகைக் கணக்கு.

பணம் வேறு விஷயம். அதில் சட்டமும் வருகிறது. முதலில், கைமாற்றுக்கு வட்டி வாங்காதீர்கள், ‘அன்பளிப்பு’ என்ற பெயரிலும் வேண்டாம். உரிமமில்லாமல் வட்டிக்குக் கடன் கொடுப்பது இங்கே குற்றமாக முடியலாம், நட்புக்காகக் கொடுத்தேன் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். இரண்டாவது, சாமான் விற்ற பாக்கி என்றால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். வரம்பு 20,000 வெள்ளி, இருதரப்பும் ஒப்பினால் 30,000, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ரொக்கக் கடனை அந்த மன்றம் எடுக்காது. அதற்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றம்தான், செலவும் அலைச்சலும் அதிகம்.

ஆகவே எங்கள் யோசனை: ரொக்கமாக 3,000 கொடுக்காதீர்கள். அவருக்குப் பணம் எதற்கு என்று கேளுங்கள். உதிரி பாகம் வாங்க என்றால், நீங்கள் வாங்கி அவருக்கு விலைச்சீட்டோடு 30 நாள் தவணையில் விற்றுவிடுங்கள். அது விற்பனையாகிவிடும், மன்றத்தின் கதவும் உங்களுக்குத் திறந்திருக்கும். சம்பளம் கொடுக்க என்றால் தொழில் ஆட்டம் கண்டிருக்கிறது, உங்கள் 3,000 அதைத் தாங்காது. எப்படியும் கொடுத்தே ஆக வேண்டிய உறவு என்றால், வராமலே போனாலும் அடுத்த நாள் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிற தொகையாகக் கொடுங்கள். சுவர் பங்கு போடுகிற பக்கத்துக் கடைக்காரரோடு பேச்சு முறிவது, 3,000 வெள்ளியைவிடப் பெரிய நட்டம்.

வேலையை வைத்து ஒருவரை எடை போடுவது இன்னும் நல்ல வழி. முதலில் 200 வெள்ளிப் பெயிண்ட் வேலை ஒன்றை அவரிடம் அனுப்புங்கள். சொன்ன நாளில் முடித்தாரா, வாடிக்கையாளரிடம் தன் அட்டையைத் திணித்தாரா என்று பாருங்கள். மூன்று வேலை ஒழுங்காக முடிந்தபிறகு 1,000 வெள்ளி வேலை.

கேள்வி: எங்கள் வரிசையில் ஐந்து கடைகள். ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளாமல் இருக்க எல்லாரும் ஒரே விலை வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். சரிதானே?
– வாசகர், சிராங்கூன் சாலை

சரியில்லை. உடனே நிறுத்துங்கள். விலை பேசி வைப்பதைப் போட்டித்தன்மைச் சட்டம் தடுக்கிறது, எழுத்தில் இருந்தாலும் காப்பிக் கடைப் பேச்சாக இருந்தாலும் ஒன்றுதான். அபராதம், சிங்கப்பூரில் உங்கள் ஆண்டு விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை, மூன்று ஆண்டு வரை கணக்கிடலாம். 2009ல் மலேசியாவுக்குப் பேருந்து விட்ட 16 நிறுவனங்களும் அவற்றின் சங்கமும் சேர்ந்து விலை வைத்ததற்காகத் தண்டிக்கப்பட்டன. சங்கம் சொன்னது என்ற காரணம் எடுபடவில்லை. அன்றைக்குச் செட்டியார்கள் கோயிலில் கூடி வட்டி முடிவு செய்ததை முன்மாதிரியாகக் காட்டவும் முடியாது.

சேர்ந்து செய்ய வேறு பல வேலைகள் இருக்கின்றன. ஒரே லாரியில் சரக்கு எடுப்பது, தீபாவளி அலங்காரச் செலவைப் பங்கிடுவது, குப்பையும் எலியும் பற்றிச் சேர்ந்து புகார் கொடுப்பது, ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் சாவி வைத்துக்கொள்வது. விலைப் பேச்சு எழுந்தால் “எனக்கு இதில் சம்மதமில்லை” என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். பேசாமல் உட்கார்ந்திருந்தால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படலாம்.

கேள்வி: கடைத்தொகுதியில் எங்கள் குத்தகையில், குறிப்பிட்ட தூரத்துக்குள் இன்னொரு கிளை திறக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. கையெழுத்திடலாமா?
– வாசகி, செங்காங்

சில்லறை வர்த்தக இடங்களுக்கான குத்தகைச் சட்டம் 2024 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அன்றோ அதற்குப் பிறகோ போட்ட, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளுக்கு அதன் நடத்தை நெறி பொருந்தும். இந்த வகை நிபந்தனை பற்றி அதில் தனி விதி உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு உரிமையாளரிடம் பேசுங்கள். உங்கள் சரக்கு பார்த்து வாங்குவதா, அவசரத்துக்கு வாங்குவதா என்பதையும் யோசியுங்கள். அவசரச் சரக்கு என்றால் 500 மீட்டரில் இரண்டாம் கிளை, முதல் கிளையின் ஆளைத்தான் எடுக்கும். அப்படிப் பார்த்தால் அந்த நிபந்தனையால் உங்களுக்கு இழப்பே இல்லாமலும் இருக்கலாம்.

கேள்வி: வீவக இன ஒதுக்கீட்டால் தமிழர்கள் தீவெங்கும் சிதறி இருக்கிறோம். ஒரே பேட்டையில் வாழ்ந்திருந்தால் நம் தொழில்கள் இன்னும் வளர்ந்திருக்கும் அல்லவா?
– வாசகர், ஈசூன்

சேர்ந்து வாழ்ந்தால் நமக்குள் பிணைப்பு கூடும், உண்மை. வீவக வீடுகளில் எந்த இனமும் ஒரு வரம்புக்கு மேல் ஓரிடத்தில் சேராமல் பார்க்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989ல் வந்தது. இந்தியரும், சீனரோ மலாய்க்காரரோ அல்லாத மற்ற இனத்தவரும் சேர்ந்து பேட்டைக்கு 12 விழுக்காடு, புளோக்குக்கு 15 விழுக்காடு என்பது இப்போதைய வரம்பு. ஆனால் மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழ 9 விழுக்காடு. நமக்குள் மட்டும் விற்றுப் பெருகும் தொழில் எவ்வளவு பெருகும்? ஈசூனில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரிடம் மிளகாய்த்தூள் வாங்குகிறவர்களில் மலாய்க்காரரும் சீனரும் உண்டு. அந்த அறிமுகத்தைத் தந்தது அதே புளோக், அதே மின்தூக்கி.

எங்கள் கருத்தில், இங்குள்ள தமிழ் வியாபாரிக்கு இரண்டு அருகாமை வாய்த்திருக்கிறது: தேக்காவில் தொழில்காரர்களின் அருகாமை, பேட்டையில் வாங்குகிறவர்களின் அருகாமை. பலர் முதலாவதை மட்டும் பேணிவிட்டு இரண்டாவதைச் சும்மா விட்டுவிடுகிறார்கள். கடைப் பலகையிலும் விலைச்சீட்டிலும் தமிழோடு மற்ற மொழிகளிலும் எழுதி வையுங்கள், நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் ஒரு மாதம் முன்பே அந்த வீடுகளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வையுங்கள்.

கேள்வி: லிட்டில் இந்தியாவில் முறுக்கு, மிக்சர் செய்து விற்கிறோம். இடம் போதவில்லை, வாடகையும் ஏறிவிட்டது. உட்லண்ட்ஸ் பக்கம் உணவுத் தொழிற்கூடத்துக்கு மாறுகிறோம். இருபது ஆண்டுப் பழக்கவழக்கம் அறுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, சிராங்கூன் சாலை

பயம் நியாயமானது. மாறின முதல் மாதம் ஒன்றும் தெரியாது, எல்லாரும் போன் செய்வார்கள். ஆறாவது மாதம்தான் தெரியும், கடலைமாவு விலை ஏறப்போவதை உங்களுக்கு முன்கூட்டியே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாறுவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: விலைச் செய்தி யாரிடமிருந்து வருகிறது, கடனுக்குச் சரக்கு தருபவர் யார், வாடிக்கையாளரை அனுப்புபவர் யார், இயந்திரம் நின்றால் வருபவர் யார். பன்னிரண்டு பெயருக்கு மேல் இருக்காது. அவர்களில் தொலைபேசியில் பேசிப் பழகியவர்களை ஒரு குறியிட்டுப் பிரித்துவிடுங்கள். மற்றவர்கள் வாசலில் நின்று பேசிப் பழகியவர்கள், அவர்கள்தான் நழுவிப்போவார்கள்.

சரக்கு கொண்டுபோகும் வண்டி வாரம் ஒரு நாள், உதாரணமாகச் செவ்வாய், பழைய தெருவில்தான் சுற்றை முடிக்க வேண்டும் என்று வழி அமையுங்கள். ஓட்டுநரை மட்டும் அனுப்பாமல் நீங்களும் போங்கள். காலி டின்களைத் திரும்ப வாங்குவதை அந்த நாளுக்கு வைத்துக்கொண்டால், போவதற்குக் காரணமும் இருக்கும், பத்து நிமிடம் நிற்கவும் முடியும். வாட்ஸ்அப் குழு இதற்கு ஈடாகாது. அதில் பழைய உறவு காயாமல் இருக்கும், ஆனால் யாருக்குப் பாக்கி நிற்கிறது, எந்தக் கடை கைமாறப்போகிறது என்பதையெல்லாம் அறுபது பேர் படிக்கும் இடத்தில் ஒருவரும் எழுத மாட்டார்கள்.

புது இடத்தில் இடது பக்கமும் வலது பக்கமும் எதிர்ப்பக்கமும் இருக்கும் கூடங்களை, இயந்திரம் இறக்கும் நாளுக்கு முன்பே போய்ப் பார்த்துவிடுங்கள். சரக்கு ஏற்றும் மேடையை யார் எந்த நேரத்தில் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். தொழிற்கூடக் கட்டடங்களில் முதல் சண்டை அங்கேதான் வரும். முதல் பழக்கமும் அங்கேதான் தொடங்கும். போகும்போது ஒரு டின் முறுக்கு எடுத்துப் போங்கள்.